மான்செஸ்டரா, பினாங்கா?

கேள்வி: மான்செஸ்டரில் மருத்துவம் படித்து, அங்கே புது டாக்டர்கள் செய்யும் 2 வருட ஃபவுண்டேஷன் பயிற்சியும் முடித்துவிட்டேன். பொது மருத்துவ நிபுணராக ஆசை. அம்மா பினாங்குக்கே வரச் சொல்கிறார். வரட்டுமா? – பட்டர்வொர்த் வாசகி

பதில்: அம்மா பாசத்தில் கூப்பிடுகிறார், அது சரி. ஆனால் வந்த கையோடு நிபுணர் பயிற்சி கிடைத்துவிடும் என்று நம்பி டிக்கெட் போடாதீர்கள் தங்கச்சி. 2016 டிசம்பரிலிருந்து மலேசிய அரசு மருத்துவமனையில் புதிதாகச் சேருபவர்களை ஒப்பந்தத்தில்தான் எடுக்கிறார்கள், நிபுணராவதற்கான பல்கலைக்கழக மாஸ்டர் படிப்போ 4 வருடம், அதற்கும் போட்டி. என்னைக் கேட்டால், எம்ஆர்சிபி (பொது மருத்துவத்துக்கான பிரிட்டிஷ் தகுதி) எழுத்துத் தேர்வுகளை அங்கேயே முடித்துவிட்டு வாருங்கள், செய்முறைத் தேர்வை மலேசியாவிலும் எழுதலாம். அதுவரை அம்மாவின் மீன் கறிக்கு வருடம் ஒருமுறை வந்து போங்கள்!