சென்ட் விலை பேசும் அண்ணாச்சி

அன்புள்ள ஐயா,

பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் இருக்கிறேன். பணி ஓய்வுக்குப் பிறகு நண்பர்கள் நான்கு பேர் தினமும் விடிகாலையில் நடக்கிறோம். சர்க்கரைக்காக ஆரம்பித்த நடை. இப்போது பறவை, மரம், பூச்சி என்று பார்க்கத் தொடங்கிவிட்டோம். செல்போன் செயலியில் பட்டியலும் போடுகிறேன். சிக்கல் நான்காவது நண்பர்தான். வாய் ஓயாது. எந்த மனை என்ன விலை, யார் வாங்கினார், யார் விற்றார், இதுதான் பேச்சு. போன வாரம் ஒரு காலி மனையில் ஆள்காட்டிக் குருவி அடைகாப்பதை நாங்கள் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். "இது துபாய்க்காரரு மனைல்லா, வெலை ஏறட்டும்னு போட்டு வச்சிருக்காரு" என்று பின்னாலிருந்து சத்தமாகச் சொன்னார். குருவி எழுந்து பறந்துவிட்டது. மனம் நோகாமல் அவரை எப்படிக் கழற்றிவிடுவது? அடையாளம் காண உதவும் தமிழ்ப் புத்தகம் ஒன்றும், நல்ல பைனாகுலர் எது என்றும் சொல்லுங்கள். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு எப்போது போகலாம்?

பெயர் வேண்டாம்,
பாளையங்கோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

படம் போட்ட எந்தக் கையேடும் போதும். பைனாகுலரைக் கையில் பிடித்துப் பார்த்து, கழுத்து வலிக்காததாக வாங்குங்கள். கூந்தன்குளத்துக்கு ஜனவரி, பிப்ரவரியில் போகலாம். அதற்கு முன் குளத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று அந்த ஊர்க்காரர் யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள். இதற்கு மேல் இவற்றில் சொல்ல ஒன்றுமில்லை.

உங்கள் நான்காவது நண்பருக்கு வருகிறேன். படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் இல்லை.

ஆள்காட்டி கூடு கட்டுகிற ஜாதி இல்லை. வெறுந்தரையில் லேசாக ஒரு பள்ளம், சுற்றிலும் நாலு பொடிக்கல், அதில் மண் நிறத்தில் புள்ளி போட்ட முட்டை. அவ்வளவுதான். அதற்குத் தேவை திறந்த, ஆள் மிதிக்காத, எட்ட வருகிறவனைப் பார்க்கத் தோதான தரை. நகரத்துக்குள் அப்படி ஓர் இடம் எப்படிக் கிடைக்கும்? எவரோ மனை போட்டு, கல் நட்டு, வாங்கியவர் வீடு கட்டாமல் விலை ஏறட்டும் என்று துபாயில் உட்கார்ந்திருந்தால் கிடைக்கும். அந்தக் குருவி அங்கே ஏன் முட்டையிட்டது என்பதை உங்கள் நண்பர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். உங்கள் செயலி அதைச் சொல்லுமா? நீங்கள் என்னடாவென்றால் குருவி பறந்துவிட்டது என்கிறீர்கள். குருவி திரும்பி வந்து உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் நின்று வெறித்த நீங்கள் மூவரும் நகர்ந்த பிறகு வந்திருக்கும்.

எனக்கும் இப்படி ஒரு நடைக்கூட்டம் இருந்தது. பாளையங்கால்வாய்க் கரையில் சாயங்காலம் நடப்போம். பழவூர் அணைக்கட்டில் ஆற்றைவிட்டுப் பிரிந்து மேலப்பாளையம் வழியாகப் பாளையங்கோட்டைக்கு வருகிற கால்வாய். இப்போது பலர் அதைச் சாக்கடை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எங்களோடு ஓர் அண்ணாச்சி வருவார். நில அளவைத் துறையில் அளவுச் சங்கிலி பிடிக்கிற செயின்மேனாக இருந்தவர். வாயைத் திறந்தால் சர்வே நம்பர், பட்டா, புறம்போக்கு, பங்காளிச் சண்டை. அவருக்கு எல்லாக் கொக்கும் கொக்குதான். மடையான் என்றோ உண்ணிக்கொக்கு என்றோ பிரித்துச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஒருநாள் வெண்தொண்டை மீன்கொத்தி ஒன்று எங்கள் முன்னால் கரைக்குள் புகுந்து மறைந்தது. இந்தக் குருவி பெயருக்குத்தான் மீன்கொத்தி. வெட்டுக்கிளி, ஓணான், நண்டு என்று கிடைத்ததை எல்லாம் தின்னும். குனிந்து பார்த்தோம். மண்சுவரில் ஒரு பொந்து. வாயிலின் அடியில் இரண்டு கால்களும் உரசி உரசி இரண்டு சின்ன வரிப்பள்ளம். கீழே வெள்ளையாக எச்சம் வழிந்திருந்தது. முகத்தைக் கிட்டே கொண்டுபோனால் கவிச்சி வாடை தூக்கியது. நாங்கள் பரவசத்தில் நிற்க, அண்ணாச்சி மேலே கரையில் நின்றபடியே சொன்னார்: "இந்தத் துண்டு ரெண்டு பேருக்கு வழக்குல கெடக்கு தம்பி. அதான் ஒருத்தனும் கரைய வெட்டிச் சீர் பண்ணல. குருவிக்கு யோகம்."

அப்போது சிரித்தோம். வழக்கு முடிந்தது. கரைக்குச் சிமெண்டுச் சுவர் வந்தது. மீன்கொத்தி இப்போதும் அங்கே கேபிள் ஒயரில் உட்கார்ந்திருக்கிறது. இரை தேட வரும். சிமெண்டில் அது பொந்து எங்கே குடையும்? உங்கள் பட்டியலில் அன்றும் மீன்கொத்தி ஒன்று, இன்றும் மீன்கொத்தி ஒன்று என்றுதான் ஏறும்.

இதைத்தான் எத்தனை பேரிடம் சொல்லிச் சலித்திருக்கிறேன். நம் ஊர்ப் பக்கம் பறவை என்பது பாதி பாசனக் கணக்கு. பாபநாசம் அணை 143 அடி, இன்று எத்தனை அடி நிற்கிறது என்று காலைப் பேப்பரில் பார்க்கிறோம் இல்லையா? கார் பருவ நெல் சாகுபடிக்குத் தண்ணீர் விட்டால் ஒரு கதை, விடாவிட்டால் வேறு கதை. பிசானப் பருவ நெல்லுக்கு வயலில் தொளி, அதாவது சேறு, கலக்குகிற டிராக்டருக்குப் பின்னால் உண்ணிக்கொக்குகள் வரிசையாக வருகின்றன. டிராக்டரை விட்டுவிட்டுக் கொக்கை மட்டும் படம் பிடித்துப் போடுகிறார்கள், ஏதோ அது ஆகாயத்திலிருந்து குதித்த மாதிரி. நீங்கள் போக ஆசைப்படுகிற கூந்தன்குளமும் அப்படித்தான். மணிமுத்தாற்றுத் தண்ணீர் வந்து குளம் நிறைய வேண்டும். வீட்டு மரத்தில் நாரை கூடு கட்டினால் அந்தச் சனங்கள் விரட்டுவதில்லை. தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. அந்தத் தண்ணீரும் இந்தச் சனங்களும் இல்லாமல் அங்கே என்ன நாரை?

சரி, உங்கள் பேட்டைக்கே வருவோம். புது பஸ் ஸ்டாண்டு வேய்ந்தான்குளம் என்கிற குளத்தில் நிற்கிறது. கனமழைக்கு அங்கே தண்ணீர் கட்டினால் எல்லோரும் முனிசிபாலிட்டியைத் திட்டுகிறோம். (கார்ப்பரேஷன் ஆகி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, வாயில் வருவது இதுதான்.) 2023 டிசம்பர் 17, 18 மழையில் ஊரே தத்தளித்ததே, அப்போது தண்ணீர் எந்தத் தெருவில் ஏறியது, எந்தத் தெருவில் ஏறவில்லை என்று உங்கள் நண்பரைக் கேட்டுப் பாருங்கள். எந்த லேஅவுட் முன்பு யார் வயல், எந்த மடைத் தண்ணீர் பாய்ந்தது, எந்த ஓடையை மூடி ரோடு போட்டார்கள் என்பதெல்லாம் மனை வாங்கி விற்கிறவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. தெரிந்தேதான் விற்கிறார்கள், அது வேறு விஷயம். அதற்கு அவரைத் திட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. திட்டிக்கொண்டே கூட நடங்கள்.

இன்னொன்று. ஓய்வு பெற்ற வயதில் விடிகாலையில் வாசலில் வந்து நின்று கூப்பிட ஒரு ஆள் இருப்பது சின்னக் காரியமா? அவருக்குப் பறவையில் ஆசை கிடையாது, உங்கள் பட்டியலும் தேவையில்லை. ஆனாலும் தினமும் வருகிறார். எதற்கு வருகிறார் என்று நினைக்கிறீர்கள்? அவரைக் கழற்றிவிட என்னிடம் யோசனை கேட்டு எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்திருக்கும், பெயரைப் போட வேண்டாம் என்றீர்களே.

அடுத்த மாதம் ஒரு கல்யாணத்துக்குத் திருநெல்வேலி வருகிறேன். ஒருநாள் காலையில் உங்களோடு நடக்க ஆசை. அவரைக் கட்டாயம் வரச் சொல்லுங்கள். உங்களுக்கு அன்று சௌகரியப்படாவிட்டாலும் பரவாயில்லை.

அன்புடன்.