கல்யாணப் படம் சேர்க்க ஒரு கோடு: வாசகர் கேள்விகள்

விருந்தினர் செல்போனில் எடுத்த படங்களை க்யூஆர் கோடு வைத்து ஒரே ஆல்பத்தில் சேர்ப்பது பற்றி வந்த கேள்விகளை இந்த முறை எடுத்துக்கொண்டோம்.

குடியாத்தம் வாசகி: தை மாதம் மகளுக்குக் கல்யாணம். 500 பேர் வருவார்கள். மண்டபத்தில் கோடு வைத்தால் எல்லோர் படமும் வந்து சேர்ந்துவிடும் என்கிறான் என் மகன். எந்த ஆப் நல்லது?

லிங்கைத் தட்டச்சு செய்யும் சிரமத்தை மிச்சம் பிடிப்பது மட்டும்தான் கோட்டின் வேலை. ஸ்கேன் செய்த பிறகு திறக்கும் பெட்டி எது, அது உங்கள் பெரியப்பாவிடம் என்னென்ன கேட்கும் என்பதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பாஸ்வேர்டு கேட்டால் பெரியப்பா போனை மடியில் வைத்துக்கொண்டு பந்திக்குப் போய்விடுவார்.

நம் பக்கத்துக் கல்யாணங்களில் ஆண்ட்ராய்டு போன்தான் அதிகம். அதில் ஜிமெயில் கணக்கு ஏற்கெனவே திறந்தே இருக்கும். பாஸ்வேர்டு மறந்திருந்தாலும் பரவாயில்லை. அதனால் உங்களுக்கு கூகுள் போட்டோஸ் போதும். புது ஆல்பம் தொடங்கி, உங்கள் படம் ஒன்றிரண்டைப் போட்டு வையுங்கள். காலி ஆல்பத்தைப் பார்த்தால் தப்பான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று ஆட்கள் திரும்பிவிடுவார்கள். பிறகு பகிர்வு அமைப்புக்குள் போய் மூன்று காரியம் செய்யுங்கள்: லிங்க் வழியாகப் பகிர்வதை இயக்குங்கள், மற்றவர்களும் படம் சேர்க்க அனுமதியுங்கள், படம் எடுத்த இடத்தைக் காட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். நடுவில் உள்ளதை மறந்தால் வருகிறவர்கள் படத்தைப் பார்க்கலாம், போட முடியாது. அடிக்கடி நடக்கும் தவறு இதுதான். வேறொருவர் போனில் ஸ்கேன் செய்து, ஒரு படம் போட்டுப் பார்த்த பிறகே அச்சுக்குக் கொடுங்கள்.

இந்த ஆல்பத்தில் 20,000 படங்கள் வரை சேரும். விருந்தினர் போடும் படம் அவரவர் கணக்கின் 15 ஜிபி இலவச இடத்தில்தான் உட்காரும், உங்களுடையதில் அல்ல. இதில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. 100 பேர் ஆளுக்கு 15 படம் போட்டால் 1,500 படம்; படத்துக்கு 4 எம்பி என்றால் 6 ஜிபி. அந்தச் சுமை உங்கள் தலையில் விழாது. ஆனால் ஏற்கெனவே இடம் நிறைந்த ஜிமெயில்காரர் ஒரு படம்கூடப் போட முடியாது. குறை ஆல்பத்தில் இருப்பதாக நினைத்து உங்கள் மகனைத்தான் கேட்பார். அவருக்காக மாற்று வழி ஒன்று இருக்கட்டும். ஆம்பூர் வாசகருக்குச் சொன்ன பதிலில் அது வருகிறது.

இன்னொன்று. படத்தைப் போட்டவர் பின்னால் தன் கணக்கில் அதை அழித்தாலோ, ஆல்பத்தை விட்டு வெளியேறினாலோ, அந்தப் படம் உங்கள் ஆல்பத்திலிருந்தும் போய்விடும். எனவே மறுவீடு, விருந்து எல்லாம் முடிந்த வாரமே கம்ப்யூட்டரில் ஆல்பத்தைத் திறந்து, 'அனைத்தையும் பதிவிறக்கு' என்பதை அழுத்தி ஹார்டு டிஸ்க்கில் வாங்கி வையுங்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் பாதி இருக்காது.

ஆற்காடு வாசகர்: பத்திரிகையிலேயே கோடு அச்சடித்தோம். சில போன்களில் வருகிறது, பலவற்றில் வரவில்லை. அச்சகத்தார் எங்கள் மேல் பழி சொல்கிறார்.

பத்திரிகையைப் பார்க்காமல் யார் மேல் தப்பு என்று சொல்ல முடியாது. எங்கெங்கே கெடும் என்று சொல்கிறோம், நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.

முதல் சந்தேகம் பொன்னிற ஃபாயில் மேல். பத்திரிகைக்கு அழகு, கேமராவுக்கு எமன். வெளிச்சம் பட்டதும் கறுப்பாக இருக்க வேண்டிய கட்டம் வெள்ளையாக மின்னும். அடர்ந்த மெரூன் மையில் வெளிர்மஞ்சள் தாள் மேல் அச்சடித்தால் குறையில்லை. அடர்நிறத் தாளில் வெள்ளைக் கோடு என்று தலைகீழாக அடித்தால் சில போன்கள் படிக்கும், சில படிக்காது. நீங்கள் சொல்லும் அடையாளம் இதற்கும் பொருந்துகிறது.

அடுத்து, கோட்டைச் சுற்றி விட வேண்டிய வெற்றிடம். கோட்டில் உள்ள ஒரு சிறு கட்டத்தைப் போல நான்கு மடங்கு அகலம் நாலு பக்கமும் காலியாக இருக்க வேண்டும். அந்த இடத்தில் மாவிலைத் தோரணமும் கும்பமும் வந்து ஒட்டிக்கொண்டால் கோடு எங்கே தொடங்குகிறது என்றே போனுக்குத் தெரியாது.

வாட்ஸ்அப்பில் அனுப்பிய கோட்டை அச்சகத்தார் அப்படியே எடுத்துப் பெரிதாக்கியிருந்தால் கட்டங்களின் ஓரம் மங்கியிருக்கும். பெரிதாக்கினாலும் மங்காத எஸ்விஜி அல்லது பிடிஎஃப் கோப்பாகத்தான் கொடுக்க வேண்டும். நீளம் அகலம் மாறாமல் இழுக்கச் சொல்ல வேண்டும். கையில் பிடித்துப் படிக்கும் பத்திரிகையில் 3 செ.மீ. சதுரம் போதும். மற்ற இடங்களுக்குக் கணக்கு எளிது: எவ்வளவு தூரத்திலிருந்து ஸ்கேன் செய்வார்களோ அதில் பத்தில் ஒரு பங்கு. வாசல் ஸ்டாண்டி முன்னால் ஒன்றரை மீட்டரில் நிற்பார்கள் என்றால் 15 செ.மீ. லிங்க் நீளமாக நீளமாகக் கட்டங்கள் பொடியாகும். அப்போது இந்த அளவும் போதாது.

மஞ்சளை மறந்துவிடாதீர்கள். பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவுவோம். இந்தக் கோட்டை 1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாரா குழுவினர் உருவாக்கியது வாகன உதிரி பாகங்களைக் கண்காணிப்பதற்கு. தொழிற்சாலையில் அழுக்கு படும் என்று தெரிந்தே, சேதத்தைத் தாங்கும்படி செய்தார்கள். கோடு செய்யும்போது பிழை திருத்தும் அளவை மிக உயர்வாக வைத்தால் ஏறத்தாழ 30 சதவீதம் கெட்டாலும் படிக்கும். ஆனால் மூன்று மூலைகளில் இருக்கும் பெரிய சதுரங்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அவற்றில் ஒன்று கெட்டியாக மறைந்தாலும் கோட்டைக் கண்டுபிடிப்பதே சிரமம். பத்திரிகையின் மூலையில் கோடு வைத்தால் மஞ்சள் விழுவது நேராக அங்கேதான். நடுப்பக்கத்தின் கீழே வையுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் அச்சடித்த சில வாரங்களில் எல்லாப் போன்களிலும் ஒரேயடியாக நின்றுபோனால் காரணம் வேறு. இலவசமாகக் கோடு செய்து தரும் சில தளங்கள் உங்கள் லிங்கைக் கோட்டில் வைப்பதில்லை. தங்கள் லிங்கை வைத்து, அங்கிருந்து உங்கள் ஆல்பத்துக்குத் திருப்பிவிடுகின்றன. சோதனைக் காலம் முடிந்ததும் பணம் கேட்டு நிறுத்திவிடும். 'ஸ்டாட்டிக்' வகையைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் லிங்கே கோட்டுக்குள் இருக்கும், காலாவதி ஆகாது. ஸ்கேன் செய்யும்போது திரையில் எந்த முகவரி வருகிறது என்று பார்த்தாலே எந்த வகை என்று தெரிந்துவிடும்.

பத்திரிகையைப் படமாக வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் கீழே லிங்கையும் எழுத்தாக ஒட்டுங்கள். தன் திரையில் இருக்கும் கோட்டைத் தானே ஸ்கேன் செய்வது எப்படி என்று எல்லோருக்கும் தெரியாது.

வாலாஜாபேட்டை வாசகர்: மண்டபத்தில் கோடு வைத்தால் மொய்க்கு என்று நினைத்துக்கொள்கிறார்களே?

நினைக்கத்தான் செய்வார்கள். கடையில், பஸ் ஸ்டாண்டில், டீ பங்க்கில் எங்கே கோட்டைப் பார்த்தாலும் பணம் கட்டியே பழகிய கை. ஜிபேயைத் திறந்து ஸ்கேன் செய்வார்கள். பணம் கட்டும் கோடு இல்லை என்று அது மறுக்கும். 'வேலை செய்யவில்லை' என்று சொல்லிவிட்டு நகர்வார்கள். கோட்டுக்கு மேலே பெரிதாக 'படம் போட மட்டும், மொய்க்கு அல்ல. போன் கேமராவால் ஸ்கேன் செய்யவும்' என்று தமிழில் எழுதுங்கள். பழைய ஆண்ட்ராய்டு போன் சிலவற்றில் கேமரா படிக்காது, கூகுள் லென்ஸ் படிக்கும். மொய் எழுதும் மேசைப் பக்கம் இந்த அட்டையை வைக்கவே கூடாது. மொய்க்கும் கோடு வைத்திருந்தால், அதன் மேல் யாரும் வேறு கோடு ஒட்டிவிடாமல் மேசைக்காரர் ஒருமணிக்கொரு தரம் பார்த்துக்கொள்ளட்டும்.

ஆம்பூர் வாசகர்: எங்கள் வீட்டு நிக்காஹ்வில் பெண்கள் பகுதி தனி. அங்கே எடுக்கும் படங்கள் வெளியே போகக் கூடாது. கோடு வைப்பதே தப்பா?

பொது ஆல்பம் வைத்தால் தப்புதான். லிங்க் யார் கையில் கிடைத்தாலும் அவர் எல்லாப் படத்தையும் பார்க்கலாம். கோட்டை யாராவது போட்டோ எடுத்து ஃபார்வர்டு செய்தால் போதும். பெண்கள் பகுதிக்கு ஒருவழிப் பெட்டி வையுங்கள். போடுகிறவர் போடலாம், மற்றவர் போட்டதைப் பார்க்க முடியாது. வீட்டுப் பெண் ஒருவர் கணக்கில் மட்டும் வந்து சேரும்.

இதற்கு இரண்டு வழி. டிராப்பாக்ஸில் 'கோப்புக் கோரிக்கை' வசதி. படம் போடுகிறவருக்குக் கணக்கு வேண்டாம், பெயரும் மின்னஞ்சலும் மட்டும் கேட்கும். ஆனால் இலவசக் கணக்கில் இடம் 2 ஜிபிதான். 4 எம்பி படம் என்றால் 500. வீடியோ போட ஆரம்பித்தால், 1 நிமிடத்துக்கே 60 முதல் 130 எம்பி வரை தின்னும், மதியத்துக்குள் நிறைந்துவிடும். இன்னொன்று கூகுள் ஃபார்ம். கோப்பு ஏற்றும் கேள்வி ஒன்றைச் சேர்த்தால் படங்கள் உங்கள் கூகுள் டிரைவுக்கு வரும். இதற்கு ஜிமெயில் கணக்கு தேவை, ஒரு கேள்விக்குப் பத்துக் கோப்புதான். மொத்த அளவு தொடக்கத்தில் 1 ஜிபி என்று இருக்கும். அமைப்பில் 10 ஜிபி ஆக்காவிட்டால் ஃபார்ம் நடுவிலேயே வாங்குவதை நிறுத்திவிடும். ஏறுவது உங்கள் கணக்கில்தான், ஆகவே முன்கூட்டியே இடம் காலி செய்யுங்கள். குடியாத்தம் வாசகியின் இடம் நிறைந்த உறவினர்களுக்கும் இந்த இரண்டும் உதவும்.

டிரைவ் ஃபோல்டரை எல்லோருக்கும் எடிட் உரிமையோடு திறந்துவிடாதீர்கள். விளையாட்டுப் பையன் ஒருவன் அடுத்தவர் படத்தைத் தூக்கிவிட முடியும். அட்டையைப் பெண்கள் பகுதிக்குள் மட்டும் வைத்து, மறுநாளே கோரிக்கையை மூடிவிடுங்கள்.

ஒடுகத்தூர் வாசகர்: குலதெய்வக் கோயிலில் காதுகுத்து. சிக்னல் ஒரு கோடுதான் காட்டும்.

க்யூஆர் கோட்டைப் படிக்க இணையம் வேண்டாம், லிங்கைத் திறக்கத்தான் இணையம் வேண்டும். அங்கே கோட்டை நம்பாதீர்கள். ஒரு பையனை நியமியுங்கள். ஆண்ட்ராய்டுக்காரர்கள் க்விக் ஷேர் வழியாக அவன் போனுக்கு அனுப்பட்டும். இணையமே இல்லாமல் போகும். ஐபோன்காரர்களுக்கு ஏர்டிராப், அதற்குப் பெரும்பாலும் வாங்குகிறவரும் ஐபோன் வைத்திருக்க வேண்டும். ஊர் திரும்பியதும் அவன் மொத்தமாக ஏற்றிவிடுவான்.

சிக்னல் நன்றாக உள்ள மண்டபத்திலும் முகூர்த்த நேரத்தில் 500 போன் ஒரே டவரைப் பிடித்து இழுக்கும், படம் ஏறாது. அங்கே ஆல்பத்தில் சேர்ந்துகொள்ளச் சொன்னால் போதும். மறுநாள் காலை 10 மணி வாக்கில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் லிங்கை மறுபடி போடுங்கள். பெரும்பாலான படங்கள் அப்போதுதான் வரும்.

காட்பாடி வாசகி: வாட்ஸ்அப்பில் வாங்கிய படங்களை ஆல்பத்தில் போட்டால் முகூர்த்தம் முடிந்து ரிசப்ஷன் வருகிறது. வரிசையே குழம்புகிறது.

வாட்ஸ்அப் சாதாரணமாக அனுப்பும் படத்தில் எடுத்த தேதி, நேரம் போய்விடும், அளவும் சுருங்கும். வந்து சேர்ந்த நேரத்தை வைத்துத்தான் ஆல்பம் அடுக்குகிறது. முதல் நாள் மாலை ரிசப்ஷன் படத்தை ஒருவர் மறுநாள் மதியம் அனுப்பினால் அது தாலி கட்டியதற்குப் பின்னால் போய் நிற்கும். ஹெச்டி என்று அனுப்பினால் தெளிவு கூடும், தேதி திரும்பாது. 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். கோப்பு அப்படியே வரும். ஏற்கெனவே வந்தவற்றுக்கு கூகுள் போட்டோஸ் இணையப் பக்கத்தில் பல படங்களைச் சேர்த்துத் தேர்ந்து தேதியை ஒரே தடவையில் திருத்தலாம். ஸ்டுடியோக்காரரின் கேமராக் கடிகாரம் தப்பாக இருந்தாலும் இதே குழப்பம்தான். அவரிடம் நிகழ்ச்சிக்கு முன்பே கடிகாரத்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.