பலகை சேர்ற இடம்

வணக்கம் சார்,

நாங்க ஒரு சின்ன மாடல் ரயில் கிளப். ஆறு வருஷமா ஹெச்.ஓ. ஸ்கேல்ல, அதாவது நிஜத்துல 87ல ஒரு பங்கு அளவுல, ஒரு லேஅவுட் பண்ணிட்டு இருக்கோம். எட்டு போர்டு, நடுவுல ஸ்டேஷன், ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் ஆத்துப்பாலம். இன்னும் பத்து வாரத்துல கண்காட்சி. மலை பாதிதான் ஆகியிருக்கு, ஸ்டேஷனுக்கு கூரை இல்லை, மரம் இன்னும் நூத்துக்கணக்குல வேணும். இந்த நேரத்துல எங்க கிளப்ல ஒரு பெரியவர், எழுபது தாண்டினவர், மூணாவது போர்டும் நாலாவது போர்டும் சேர்ற ஜாயிண்ட்டையே மூணு மாசமா பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். ஒரு வேகனை எடுத்து கையால அப்படியும் இப்படியும் தள்ளுவார், குனிஞ்சு பாப்பார், அரத்தால ரெண்டு தேய் தேய்ப்பார், மறுபடி தள்ளுவார். மாசாமாசம் வேலை எவ்வளவு ஆச்சுன்னு போட்டோ போடறோம், அவர் பக்கத்துல எடுக்க ஒண்ணுமே இருக்கறதில்லை. மரம் பண்ண வாங்கன்னா கோவிச்சுக்கறார்.

மூணு கேள்வி சார். முடியாத லேஅவுட்டை கண்காட்சிக்கு கொண்டுபோகலாமா, இல்லை பேரை வாபஸ் வாங்கிடலாமா? இப்பவே டிசிசிக்கு, அதாவது டிஜிட்டலா இன்ஜின் ஓட்டற முறைக்கு, மாறிடலாமா? 'N' ஸ்கேல்ல, அதாவது இதுல கிட்டத்தட்ட பாதி அளவுல, பண்ணியிருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும்னு சிலர் சொல்றாங்களே, அது சரியா?

பேர் போட வேண்டாம்.

---

அன்புள்ள தம்பி,

பத்து நாளா எங்க கிளப்போட பழைய லேஅவுட்டை பிரிச்சுக்கிட்டு இருக்கோம். நேத்து ராத்திரி ஒரு போர்டு ஓரத்துல தண்ணி ஊத்தி ஊறவெச்சு ஜல்லியைச் சுரண்டினேன், பசை இளகி அது கூழா வந்ததும் தண்டவாளத்துக்கு அடியில வரிசையா நாலு பித்தளை ஸ்க்ரூ தலை தெரிஞ்சுது. ஒவ்வொரு தலை மேலயும் தண்டவாளத்தை வெச்சு சால்டர் பண்ணியிருந்த இடம் இன்னும் பளபளன்னு இருந்தது. அதைப் பாத்துக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். காலையில எழுந்தா உங்க கடிதம். அதனாலதான் உடனே எழுதறேன்.

சின்ன விஷயத்தை முதல்ல முடிச்சுடறேன். 'N' ஸ்கேலுக்குப் போயிருந்தா முடிஞ்சிருக்கும்கறது பேச்சுக்கு சொல்றது, அளவு பாதியாச்சுன்னா அதே பலகையில நாலு மடங்கு ஊர் பண்ணணும்னு ஆசை வரும், அவ்வளவுதான். டிசிசி வேணும்னா கண்காட்சி முடிஞ்சு மாறிக்கோங்க. ஒவ்வொரு இன்ஜினுக்குள்ளயும் டீகோடர் வெச்சு, தண்டவாளத்துலயே கரண்ட்டையும் உத்தரவையும் சேத்து அனுப்பற நல்ல முறைதான், ஆனா ரெண்டு ஒயர் போதும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, தண்டவாளத் துண்டுகளைச் சேக்கற தகடு, ஃபிஷ்பிளேட், அது வழியா கரண்ட் போகும்னும் நம்பாதீங்க, ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் தனித்தனியா அடியிலிருந்து ஒயர் இழுத்தே ஆகணும். பத்து வாரம் இருக்கறப்ப அதைத் தொடாதீங்க.

இப்ப அந்தப் பெரியவர் விஷயத்துக்கு வரேன்.

தம்பி, போட்டோ எடுக்க ஒண்ணுமில்லைன்னு எழுதியிருக்கீங்களே, அந்த வரியைப் படிச்சதும் எனக்கு சுருக்குன்னுது. லேஅவுட் பண்றது போட்டோவுக்கா? மரம் போட்டோவுல நல்லா வரும். மலை வரும். ஸ்டாட்டிக் கிராஸ் போட்டு புல்லெல்லாம் நிமிந்து நிக்கறது வரும். ஜாயிண்ட் வராது. வரலைங்கறதுக்காக அதை வேலைன்னே நீங்க கணக்குல எடுக்காம, மூணு மாசமா முதுகு வளைச்சு உக்காந்திருக்கற மனுஷரை சும்மா உக்காந்திருக்கற மாதிரி எனக்கு எழுதறீங்க. உங்க கிளப்ல ரயில் ஓட்டணும்னு நினைக்கறவர் அவர் ஒருத்தர்தானோன்னு எனக்கு சந்தேகமா இருக்கு.

கொஞ்சம் கணக்கு பாருங்க. ஹெச்.ஓ.ல சாதாரணமா வர்ற சக்கரத்துல ஃபிளாஞ்ச், அதாவது தண்டவாளத்துக்கு உள்பக்கமா தொங்கற அந்த விளிம்பு, 0.6 மி.மீ. சொச்சம்தான் ஆழம். நிஜ ரயிலோட விளிம்பை 87ஆல வகுத்தா இதுல பாதிதான் வரும், மாடலுக்காக பெருசா வெச்சே இவ்வளவுதான். ரயிலைத் தடத்துல பிடிச்சு வெக்கறது அந்த 0.6 மட்டும்தான். இப்ப ரெண்டு போர்டை வெறும் போல்ட் போட்டு சேக்கறோம்னு வெச்சுக்கோங்க. 8 மி.மீ. போல்ட் சுலபமா நுழையணும்னா 9 மி.மீ. துளை போடணும். அந்த ஒரு மில்லிமீட்டர் ஆட்டத்துல போர்டு எங்க வேணா நிக்கலாம். இன்னைக்கு சரியா நிக்கும், கழட்டி வண்டியில ஏத்தி இறக்கி மாட்டினா வேற இடத்துல நிக்கும். தண்டவாளம் அரை மில்லிமீட்டர் தூக்கி நின்னா விளிம்புக்கு மிச்சம் என்ன?

அதனாலதான் டோவல். ஒரு பலகையில பித்தளை முளை, எதிர்ப் பலகையில பித்தளைக் குழி, ரெண்டும் கச்சிதமா உக்காரும். போல்ட்டோட வேலை இழுத்துப் பிடிக்கறது மட்டும்தான், இடத்தை முடிவு பண்றது டோவல். அதை முதல்ல போட்டு, போர்டை இறுக்கிட்டு, தண்டவாளத்தை வெட்டாம முழுசா ஜாயிண்ட் மேல படுக்க வெச்சு, ரெண்டு பக்கமும் ஸ்க்ரூ தலையில சால்டர் பண்ணி, அதுக்கப்புறம்தான் மெல்லிசு ரம்பத்தால நடுவுல வெட்டணும். வெட்டிட்டு சேக்கறது இல்லை, சேத்துட்டு வெட்டறது. கூடிய வரைக்கும் டிராக் ஜாயிண்ட்டை நேர்க்குறுக்கா தாண்டணும், சாய்வா தாண்டினா சின்ன விலகல்கூட பெருசா காட்டும். பாயிண்ட்டை, அதாவது தடம் ரெண்டா பிரியற இடத்தை, ஜாயிண்ட் மேல வெக்கவே கூடாது. இதெல்லாம் உங்க பெரியவருக்குத் தெரியும். நீங்க ஒருநாள் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து கேட்டிருந்தா உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்.

இதை இவ்வளவு கோவமா எழுதறதுக்கு காரணம் இருக்கு.

எங்க கிளப்லயும் அப்படி ஒருத்தர் இருந்தார். நான் அப்ப இளவட்டம், ஓடியாடி வேலை செய்வேன், கண்காட்சிக்கு எல்லாம் நான்தான் பொறுப்பு. அவர் எல்லா ஜாயிண்ட்டுக்கும் டோவல் போடணும்னார். இன்னும் ஒரு மாசம் ஆகும்னார். எனக்குப் பொறுக்கலை. எல்லார் முன்னாடியும் சத்தம் போட்டேன், உங்களாலதான் எல்லாம் தள்ளிப் போகுது, போல்ட் போதும், நகருங்கன்னு. அவர் ஒண்ணும் சொல்லலை. கையில இருந்த அரத்தைத் துடைச்சு டப்பாவுல வெச்சுட்டு மரம் பண்ற மேஜையில போய் உக்காந்தார். ஒயரைப் பிரிச்சு இலை ஒட்ட ஆரம்பிச்சார்.

கண்காட்சி அன்னைக்கு காலையில மாட்டினோம். எங்க இடம் ஈரக்காத்து, அந்த ஹால் வறண்டு கிடந்தது, ரெண்டு மணி நேரத்துல பிளைவுட் தன் குணத்தைக் காட்டிடுச்சு. ஸ்டேஷனை ஒட்டின ஜாயிண்ட்ல முதல் ரயிலே தடம் புரண்டுது. எடுத்து வெச்சேன். மறுபடி புரண்டுது. மூணாவது தடவை ஒரு குழந்தை, கண்ணு சரியா தண்டவாள மட்டத்துக்கு வர்ற உயரம், அந்த ஜாயிண்ட்டையே பாத்துக்கிட்டு நின்னுது, ரயிலைப் பாக்கலை, அடுத்து எப்ப விழும்னு பாத்துக்கிட்டு நின்னுது. எனக்கு கையெல்லாம் நடுங்கிடுச்சு.

அப்புறம் திடீர்னு ரயில் விழறது நின்னுது. ஒரு தடவை தாண்டுச்சு, ரெண்டாவது தடவையும் தாண்டுச்சு. நான் போல்ட்டை இறுக்கினது வேலை செஞ்சுடுச்சுன்னு நினைச்சேன். மத்தியானம் ஒயர் ஒண்ணு கழண்டுதுன்னு கீழ குனிஞ்சு துணியை விலக்கிப் பாக்கறேன், அவர் உள்ள ஒரு குட்டி ஸ்டூல்ல உக்காந்திருக்கார். ரெண்டு கையும் மேல, உள்ளங்கை போர்டு விளிம்புல. ரயில் அவருக்குத் தெரியாது, சத்தம் மட்டும்தான். பலகை மேல சக்கரம் வர்ற சத்தம் கிட்ட வந்ததும் கையை மேல அழுத்துவார், தாண்டினதும் விடுவார். நூறு கி.மீ. வேகம்னா ஹெச்.ஓ.ல நொடிக்கு 32 செ.மீ.தான் போகும், ஒரு முழ தூரத்துல சத்தத்தைப் பிடிச்சா அவருக்கு ஒரு நொடிக்குக் கொஞ்சம் மேல கிடைக்கும். அந்த ஒரு நொடியை வெச்சுக்கிட்டு ரெண்டு நாள், சாப்பிட மட்டும் எழுந்து, அப்படியே உக்காந்திருந்தார். என்னைப் பாத்துட்டு, ஒயரை நீ பாரு, இதை நான் பாத்துக்கறேன்னார். நான் சத்தம் போட்டதைப் பத்தி அன்னைக்கும் பேசலை, அதுக்கப்புறமும் பேசலை.

திரும்பி வந்ததும் எல்லா ஜாயிண்ட்டையும் பிரிச்சோம். டோவல் போட்டார், பித்தளை ஸ்க்ரூ போட்டார், நான் பக்கத்துல உக்காந்து கத்துக்கிட்டேன். நேத்து நான் சுரண்டி எடுத்தது அந்த ஸ்க்ரூதான். கடைசி வருஷங்கள்ல அவருக்கு கண்ணு மங்கிடுச்சு, அப்பவும் வருவார். கண்ணை மூடிக்கிட்டு ஆள்காட்டி விரல் நகத்தை தண்டவாளத்து மேல வெச்சு ஜாயிண்ட்டைத் தாண்டி இழுப்பார். முதல்ல மேல்பக்கம், அப்புறம் உள்பக்கம், ஏன்னா விளிம்பு உரசறது உள்பக்கம்தான். நகம் தட்டுச்சுன்னா அங்க அரம். கண்ணு நல்லா இருக்கற எங்களுக்குத் தெரியாத மேடுபள்ளம் அவர் நகத்துக்குத் தெரியும்.

கண்ணுல படாத வேலைன்னதும் இன்னொண்ணு ஞாபகம் வருது. அமெரிக்காவுல எம்.ஐ.டி.யில 1946ல ஒரு மாடல் ரயில் கிளப் தொடங்கினாங்க. அங்க ரெண்டு கூட்டம், மேல இன்ஜினும் கட்டடமும் பண்றவங்க ஒண்ணு, பலகைக்கு அடியில சிக்னலும் பவரும் பாக்கறவங்க இன்னொண்ணு. டெலிஃபோன் ரிலேயை எல்லாம் வெச்சு அடியில ஒரு காடே வளத்திருந்தாங்க. இன்னைக்கு கம்ப்யூட்டர் உலகம் முழுக்கப் பேசற ஹேக்கர்ங்கற வார்த்தை புழக்கத்துக்கு வந்தது அந்த அடிப்பலகைக் கூட்டத்துலேர்ந்துதான்.

ஆறு வருஷம் ஆச்சுன்னு வேற அலுத்துக்கறீங்க. இங்கிலாந்துல லாங் விட்டன்ஹாம்ங்கற ஊர்ல பெண்டன் மியூசியம் இருக்கு, ரோய் இங்க்லண்டுங்கற மனுஷர் ஆரம்பிச்சது, 1954லேர்ந்து. 1920கள்லயும் 30கள்லயும் அந்தப் பக்கத்து கிராமங்கள் எப்படி இருந்ததோ அப்படியே, வீடு வீடா அளந்து பண்ணினாங்க. அவர் 1995ல காலமாயிட்டார், வேலை நிக்கலை. ஹாம்பர்க்ல மினியட்டூர் வுண்டர்லேண்ட் 2001ல திறந்தாங்க, இன்னைக்கும் புதுசு புதுசா சேத்துக்கிட்டேதான் இருக்காங்க. அவங்க யாரும் முடிஞ்சப்புறம்தான் கதவைத் திறப்போம்னு உக்காந்திருக்கலை.

கண்காட்சிக்கு தாராளமா கொண்டுபோங்க. கூரை இல்லாத ஸ்டேஷனைப் பாத்துட்டு, இதை எதுல பண்ணப்போறீங்கன்னு பத்து பேர் கேப்பாங்க, அட்டையையும் கத்தியையும் பக்கத்துலயே வெச்சு அங்கயே ஒருத்தர் உக்காந்து பண்ணினா கூட்டம் அங்கதான் நிக்கும். மொட்டை மலையை யாரும் குத்தம் சொல்ல மாட்டாங்க. ஆனா எட்டு போர்டுன்னா ஏழு ஜாயிண்ட். பெரியவர் மூணு மாசமா இருக்கறது ஒண்ணுல. மிச்சம் ஆறுல எப்படி இருக்குன்னு உங்க கடிதத்துல ஒரு வார்த்தை இல்லை. டோவல் இருக்கா? தண்டவாளத்துல வெப்பத்துக்கு இடைவெளி விட்டிருக்கீங்களா? நிக்கல் சில்வர் தண்டவாளம் பத்து மீட்டர் நீளம் இருந்தா இருபது டிகிரி ஏறினா மூணு மி.மீ.க்கு மேல நீளும், எங்கயாவது இடம் கொடுக்கலைன்னா பக்கவாட்டுல வளையும். ரெண்டு வாரத்துக்கு மரம் பண்றவங்க எல்லாரையும் எழுப்பி அவர்கிட்ட அனுப்புங்க. ஆளுக்கு ஒரு ஜாயிண்ட். அவர் சொல்லட்டும், நீங்க செய்யுங்க. மூணு தடவை கழட்டி மூணு தடவை மாட்டிப் பாத்துட்டு, நீளமான ரயிலை பின்பக்கமா தள்ளி விடுங்க. இழுக்கறப்ப தாண்டிடும், தள்றப்பதான் வண்டவாளம் தெரியும்.

அப்புறம் ஒரு உதவி. அவர் தள்ளிப் பாக்கறது என்ன வேகன்னு கேட்டு எனக்கு எழுதுங்க. ஹெச்.ஓ.ல 15 செ.மீ. நீள வேகன் கிட்டத்தட்ட 113 கிராம் இருக்கணும்ங்கறது அமெரிக்க மாடல் ரயில் சங்கத்தோட கணக்கு. எங்க பெரியவர் வெச்சிருந்தது நாலு சக்கர குட்டி வேகன், உள்ள இருந்த பாரத்தை வேணும்னே கழட்டி எடுத்திருந்தார். லேசா இருந்தாதான் சின்ன படியில கூட குதிக்கும், இது தாண்டினா எல்லாம் தாண்டும்பார். அது இப்ப என் மேஜை மேல இருக்கு. உங்க பெரியவரோட வேகனும் பாரம் கழட்டினதான்னு தெரிஞ்சுக்கணும்.