ஒரு ரோவ் வண்டு புதிய சிற்றினம்தான் என்று எப்படி உறுதி செய்கிறார்கள்?

புதிதாகத் தெரிகிறது என்பது மட்டும் போதாது. குட்டையான முன்சிறகுகளுக்குப் பின்னால் வயிறு வெளியே நீண்டு தெரிந்தால், அது பெரும்பாலும் ரோவ் வண்டு. ஆனால் இந்தக் குடும்பத்தில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் இருக்கின்றன. வெளித்தோற்றத்தில் பல ஒன்றுபோலவே இருக்கும்.

அதனால் ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பைப் பார்க்கிறார்கள். காய்ந்த உடலை வெந்நீரில் இளக்கி, நுண்ணோக்கியின் கீழே வயிற்று நுனியிலிருந்து அதை மெதுவாக வெளியே எடுப்பார்கள். மயிரிழை பிசகினாலும் உடைந்துவிடும். சிற்றினத்துக்குச் சிற்றினம் அதன் வடிவம் மாறும் என்பதால் அதுவே நல்ல சாட்சி.

அப்புறம், அருங்காட்சியகங்களில் பாதுகாத்து வைத்திருக்கும் பழைய வண்டு மாதிரிகளோடு ஒப்பிட வேண்டும். எனக்கு மிகப் பிடித்த கட்டம் இது. டார்வின் 1832இல் அர்ஜென்டினாவின் பாஹியா பிளாங்காவில் பிடித்த ஒரு வண்டு, பெயரில்லாமலே கிடந்தது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் இரவலாக அனுப்பிய மாதிரிகளில் அதைக் கவனித்தவர் பூச்சியியலாளர் ஸ்டைலியானோஸ் சாட்ஸிமனோலிஸ். ரம்பப் பல் போன்ற கணுக்கள் கொண்ட அதன் உணர்கொம்பு வித்தியாசமாக இருந்தது. பெர்லின் அருங்காட்சியகத்தில் இன்னொன்று கிடைத்தது. 2014இல், டார்வினின் பிறந்தநாளன்று, புதிய பேரினமாகவே (சிற்றினத்துக்கு மேலே உள்ள பிரிவு) 'டார்வினிலஸ் செடாரிசி' என்று வெளியிட்டார்.

பெயர் செல்லுபடியாக, விவரிப்பு முறைப்படி வெளியாக வேண்டும். பெயர் தாங்கும் ஒரு மூல மாதிரியையும் குறிப்பிட வேண்டும். நாளை யாருக்காவது சந்தேகம் வந்தால் அதைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள்.