எந்தப் பனி, எந்தத் துருவம், எந்த மாதம்?

வாசகர் கேள்வி - பதில்

துருவங்களின் காலநிலை பற்றி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் இடறுகின்றன. செய்தியில் வரும் எண் கடலில் மிதக்கும் பனியைச் சொல்கிறதா, தரைமேல் கிடக்கும் பனியைச் சொல்கிறதா, அது எந்த மாதத்துக்குரியது என்பது தெரியாமல் போவதுதான் அந்த இடம். அதனால் சில பதில்கள் இம்முறை நீண்டுவிட்டன.

"ஆர்க்டிக் பனி 2012இல்தான் மிகக் குறைந்தது, அதற்குப் பிறகு அந்த அளவுக்கு இறங்கவே இல்லை, ஆகவே உருகுவது நின்றுவிட்டது" என்று என் மாமா அடித்துச் சொல்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?
*உயர்தர மாணவி, வெள்ளவத்தை*

மாமா சொல்லும் முதற்பாதி சரி. 2012 செப்டெம்பர் நடுப்பகுதியில் ஆர்க்டிக் கடற்பனியின் பரப்பு 3.39 மில்லியன் சதுர கிலோமீற்றருக்கு இறங்கியது. 1978இன் இறுதியில் தொடங்கிய செய்மதிப் பதிவில் அதைவிடத் தாழ்ந்த நாள் இல்லை. ஆனால் அந்த ஆண்டு ஓகஸ்ட் தொடக்கத்தில் ஒரு கடும் சூறாவளி ஆர்க்டிக் கடலைக் கலக்கி, ஏற்கெனவே மெலிந்திருந்த பனியை உடைத்துவிட்டது. அப்படி ஒதுங்கி நிற்கும் ஓர் ஆண்டை அளவுகோலாக வைத்தால், பிறகு வரும் எல்லா ஆண்டுகளும் தேறியதுபோலத்தான் தெரியும்.

மாமாவிடம் இதைக் கேளுங்கள்: பதிவிலுள்ள மிகக் குறைந்த 19 செப்டெம்பர்கள் எவை? 2007 முதல் 2025 வரையான அதே 19 ஆண்டுகள்தான். 2006உம் அதற்கு முந்திய ஆண்டுகளும் ஒன்றுகூட அந்தப் பட்டியலில் இல்லை. 1979இலிருந்து எடுத்தால் செப்டெம்பர்ப் பனி ஆண்டுக்குச் சராசரியாக 78,000 சதுர கிலோமீற்றர் குறைந்து வந்திருக்கிறது. நம் நாட்டின் முழுப் பரப்பே 65,610 சதுர கிலோமீற்றர்தான். 1981-2010 சராசரியோடு ஒப்பிட்டால் இது தசாப்தத்துக்கு ஏறத்தாழ 12 வீதம்.

2007க்குப் பிறகு வீழ்ச்சியின் சரிவு தணிந்திருப்பதும் உண்மை. அதை மறைத்துப் பேசத் தேவையில்லை. காற்றின் போக்கும் கடலோட்டமும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவது ஒரு காரணம். இன்னொன்று பனியின் தடிப்பு. மெல்லிய பனி குளிர்காலத்தில் தடித்த பனியைவிட வேகமாக வளரும், ஏனெனில் கடலின் வெப்பம் அதனூடாக எளிதில் மேலே தப்பிவிடுகிறது. கோடையில் இழந்ததில் ஒரு பங்கு இப்படித் திரும்பி வருகிறது. ஆனால் வருவது ஓராண்டுப் பனி, அடுத்த கோடையில் முதலில் கரைவதும் அதுவே. நான்கு ஆண்டுகளுக்கு மேல் வயதுள்ள பனி 1980களின் நடுவில் குளிர்காலப் பரப்பில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்காக இருந்தது, இப்போது 5 வீதத்துக்கும் கீழ். பரப்பை மட்டும் காட்டும் வரைபில் இந்த இழப்பு கண்ணில் படாது.

தடிப்பை அளப்பதும் லேசான வேலையல்ல. கிரையோசாற்-2, ஐஸ்சாற்-2 போன்ற செய்மதிகள் பனி நீருக்கு மேலே எவ்வளவு உயரம் நிற்கிறது என்பதைத்தான் அளக்கின்றன. மொத்தத் தடிப்பில் ஏறத்தாழ பத்திலொரு பங்குதான் வெளியே தெரிவதால், அங்கே 3 சென்ரிமீற்றர் பிழை விட்டால் தடிப்பில் 30 சென்ரிமீற்றர் பிழையாகிவிடும். மேலே கிடக்கும் புதுப்பனியின் ஆழத்தைத் தவறாகக் கணித்தாலும் இதே கதைதான்.

குளிர்காலத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்: 2025 மார்ச்சில் ஆர்க்டிக் பனி தன் உச்சத்தை எட்டியபோது இருந்தது 14.33 மில்லியன் சதுர கிலோமீற்றர். அதுவரையான செய்மதிப் பதிவில் மிகத் தாழ்ந்த உச்சம் அது.

வெள்ளைப் பனி போய்க் கருமையான கடல் தெரிவதால் சூரிய வெப்பம் அதிகம் உறிஞ்சப்படுகிறது என்று படித்தேன். அப்படியானால் ஆர்க்டிக்கில் கோடைதானே அதிகம் சூடேற வேண்டும்? குளிர்காலம்தான் அதிகம் சூடேறுகிறது என்கிறார்களே?
*வங்கி ஊழியர், கொட்டாஞ்சேனை*

நல்ல கேள்வி. புதுப்பனி மூடிய பனித்தளம் தன்மேல் விழும் ஒளியில் 80 வீதத்துக்கும் மேலானதைத் திருப்பி அனுப்பும், திறந்த கடல் 10 வீதத்தைக்கூட அனுப்பாது. ஆனால் கோடையில் அந்த வெப்பம் பனியை உருக்குவதற்கும் கடலைச் சூடாக்குவதற்கும் செலவாகிறது. பனி மிச்சமிருக்கும்வரை அதன்மேலுள்ள காற்று 0 பாகையைச் சுற்றியே நிற்கும். ஒக்டோபருக்குப் பிறகு சூரியன் மறைந்ததும், கடல் சேர்த்து வைத்த வெப்பத்தைக் காற்றுக்கு விட்டுவிட்டுத்தான் உறைய முடியும். இலையுதிர் காலமும் குளிர்காலமும் சூடேறுவது அதனால்தான். 1979க்குப் பின் ஆர்க்டிக் உலகச் சராசரியைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் சூடேறியிருக்கிறது. பனி இழப்பு மட்டும் இதற்குக் காரணமல்ல. அங்கே குளிர்ந்த, கனமான காற்று தரையோடு படிந்து கிடப்பதால் சூடு மேலே கலந்து போகாமல் கீழேயே தங்கிவிடுகிறது.

துருவப் பனி உருகினால் மரைன் டிரைவ் பக்கம் கடல் எவ்வளவு உயரும்? மிதக்கும் பனி உருகினால் நீர்மட்டம் உயராது என்று மகனின் பாடப்புத்தகம் சொல்கிறதே?
*கடை உரிமையாளர், தெஹிவளை*

பாடப்புத்தகம் நன்னீரில் மிதக்கும் பனிக்கட்டிக்குச் சரி. கடல் உப்புநீர் என்பதால், மிதக்கும் பனி உருகும்போதும் மட்டம் மிகச் சிறிதளவு உயரும். மகனோடு சேர்ந்து வீட்டிலேயே பார்க்கலாம்.

10 சென்ரிமீற்றர் விட்டமுள்ள, நேர்ச்சுவர்க் கண்ணாடிப் பாத்திரங்கள் இரண்டு எடுங்கள். ஒவ்வொன்றிலும் அரை லீற்றர் நீர், 17 கிராம் உப்பு. முதலாவதில் 100 கிராம் பனிக்கட்டியை மிதக்கவிட்டு மட்டத்தைக் குறியுங்கள். இரண்டாவதில் நீருக்கு மேலே தலை தெரியும்படி ஒரு தட்டையான கல்லை வைத்து, முதலில் மட்டத்தைக் குறித்துவிட்டு, அதே எடையுள்ள பனிக்கட்டியைக் கல்லின்மேல் வையுங்கள். உருகி முடிந்ததும் முதற் பாத்திரத்தில் உயர்வு ஏறத்தாழ 0.3 மில்லிமீற்றர், கண்ணுக்குத் தெரிவதே கடினம். இரண்டாவதில் 1 சென்ரிமீற்றருக்கும் மேல். மிதக்கும் கட்டி பாத்திரத்தின் அடியைத் தொட்டால் கணக்குப் பிழைக்கும், ஆகவே நீர் போதிய ஆழமாக இருக்கவேண்டும். கொழும்பின் ஈரக் காற்றில் குளிர்ந்த நீரின்மேல் ஆவி படியும் என்பதால் இரண்டையும் மூடி வையுங்கள். கல்லிலிருந்து கட்டி வழுக்கி நீரில் விழுந்தால் சோதனை கெட்டுவிட்டதென்று நினைக்க வேண்டாம். விழுந்த கணமே மட்டம் ஏறுவதைப் பாருங்கள். பனியாறு கடலுக்குள் நழுவும்போதும் அதுவே நடக்கிறது, உருகும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

ஆகவே கொழும்புக்குக் கணக்கில் வருவது தரைப்பனி. கிறீன்லாந்தின் பனி முழுதும் உருகினால் உலகக் கடல்மட்டம் 7 மீற்றருக்கும் மேல் உயரும், அந்தாட்டிக்காவினது உருகினால் ஏறத்தாழ 58 மீற்றர். இவை பல நூற்றாண்டுகளில், ஆயிரமாண்டுகளில் நடக்கக்கூடியவை. நாளைக்கு வருபவை அல்ல. இன்றைய கணக்கு வேறு: 360 பில்லியன் தொன் பனி கடலில் சேர்ந்தால் 1 மில்லிமீற்றர். 2002 முதல் கிரேஸ் செய்மதிகள் புவியீர்ப்பின் மாற்றத்தை வைத்துப் பனியின் எடையைக் கணித்து வருகின்றன. அவற்றின்படி கிறீன்லாந்து ஆண்டுக்குச் சராசரியாக 270 பில்லியன் தொன் அளவில் இழந்து வருகிறது. கடல் சூடாகி விரிவதையும் மலைப்பனியையும் சேர்த்தால் உலகக் கடல்மட்டம் இப்போது ஆண்டுக்கு 4 மில்லிமீற்றருக்குக் குறையாமல் உயர்கிறது.

நமக்கு இன்னொரு பாதகமும் உண்டு. பெரும் பனித்திணிவு தன்னைச் சுற்றியுள்ள கடல்நீரைத் தன் பக்கம் ஈர்த்து வைத்திருக்கும். பனி குறைய அந்த ஈர்ப்பும் குறைந்து, கிறீன்லாந்தின் கரையோரம் கடல் இறங்கும், தொலைவிலுள்ள வெப்பமண்டலக் கடல்களில் சராசரியைவிடக் கூடுதலாக ஏறும். இரண்டு துருவங்களுக்கும் தொலைவில் இருப்பதால் இரு பக்கத்திலிருந்தும் நமக்குக் கூடுதல் பங்குதான் வருகிறது.

மரைன் டிரைவில் அலை வீதியைத் தாண்டுவதற்கு முன்பே, வெள்ளவத்தை, தெஹிவளைக் கால்வாய்களின் வாயில் இது தெரியத் தொடங்கும். கொழும்பின் மழைநீர் மிகச் சிறிய மட்ட வேறுபாட்டை நம்பித்தான் கடலுக்கு வடிகிறது. இங்கே வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான வேறுபாடே ஒரு மீற்றருக்குள் என்பதால், கடல் சில பத்துச் சென்ரிமீற்றர் உயர்ந்தாலே வெள்ளம் வடிய அதிக நேரம் எடுக்கும்.

அந்தாட்டிக்காவில் பனி கூடுகிறது என்றார்கள், பிறகு குறைகிறது என்றார்கள். எதை நம்புவது?
*ஓய்வுபெற்ற அதிபர், வத்தளை*

இரண்டும் நடந்தன. தென்துருவக் கடற்பனி பல ஆண்டுகள் மெல்லக் கூடி, 2014 செப்டெம்பரில் 20 மில்லியன் சதுர கிலோமீற்றரைத் தாண்டியது. 2016இல் சடுதியாகச் சரிந்தது. 2023 பெப்ரவரியில் 1.79 மில்லியன்தான் மிஞ்சியது. அதே ஆண்டு செப்டெம்பரில் உச்சம் 16.96 மில்லியன், அதற்கு முன்பிருந்த மிகத் தாழ்ந்த உச்சமான 1986ஐவிட ஏறத்தாழ ஒரு மில்லியன் குறைவு. ஆர்க்டிக் நிலம் சூழ்ந்த கடல், அந்தாட்டிக்கா கடல் சூழ்ந்த நிலம். தெற்கே பனிக்கு வெளிப்புற வேலி எதுவுமில்லை, மேலைக்காற்று அதை விரிக்கவும் செய்யும் ஒடுக்கவும் செய்யும். ஆழத்தில் தேங்கியிருந்த வெப்பம் மேலே வந்ததும் 2016க்குப் பின்னான வீழ்ச்சிக்கு ஒரு காரணம்.

தரைப்பனி வேறு கணக்கு. 2022 மார்ச்சில் கிழக்கு அந்தாட்டிக்காவின் கொன்கோர்டியா நிலையத்தில் வெப்பநிலை வழமையைவிட 38 பாகைக்கு மேல் ஏறி மறை 12 பாகையை அண்மித்தது. அந்தச் சூட்டுக் காற்று கொண்டுவந்த ஈரம் பனியாகக் கொட்டி, அங்கே தரைப்பனியின் எடையைக் கூட்டியது. மேற்கிலோ துவெயிட்ஸ் பனியாறு அடியிலிருந்து கடல்நீரால் அரிக்கப்படுகிறது. அது ஒன்றிலுள்ள பனி மட்டும் உலகக் கடலை 65 சென்ரிமீற்றர் உயர்த்தப் போதும்.

இதற்கெல்லாம் ஓசோன் துளைதானே காரணம்?
*வாசகர், மட்டக்குளி*

இல்லை. ஓசோன் துளை தென்துருவக் காற்றோட்டத்தை மாற்றியிருக்கிறது. பூமி சூடாவதற்கு முதன்மைக் காரணம் காபனீரொட்சைட்டும் மெதேனும்தான்.

மாணவர்களைக் கொண்டு பனி வரைபு வரையச் சொல்ல விரும்புகிறேன். எங்கே பிழைக்கும்?
*புவியியல் ஆசிரியை, பம்பலப்பிட்டி*

அமெரிக்கத் தேசியப் பனித் தரவு மையம் மாதவாரிக் கோப்புகளை இலவசமாகத் தருகிறது. எக்செல்லில் அப்படியே திறக்கும். வடதுருவத்தின் செப்டெம்பர்க் கோப்பை எடுத்து, ஆண்டைக் கிடையச்சிலும் பரப்பை நிலையச்சிலும் வைத்துப் போக்குக்கோடு போடுங்கள். 1979 முதல் ஒரு கோடு, 2007 முதல் இன்னொன்று போடச் சொன்னால், தொடக்க ஆண்டைத் தெரிவு செய்வதாலேயே முடிவு எப்படி மாறுகிறது என்பதை மாணவர்களே கண்டுபிடிப்பார்கள்.

நாளாந்த எண்ணையும் மாதச் சராசரியையும் கலக்க வேண்டாம்: 2012இன் மிகத் தாழ்ந்த நாள் 3.39, செப்டெம்பர்ச் சராசரி 3.57. டிசம்பர், ஜனவரிக் கோப்புகளில் -9999 என்று ஓரிடத்தில் வரும். 1987 டிசம்பர் தொடக்கம் முதல் 1988 ஜனவரி நடுப்பகுதிவரை செய்மதித் தரவு இல்லை, அந்த வரிகளை நீக்காவிட்டால் வரைபு பாதாளத்துக்குப் போய்விடும்.

பெரிய பொறி, கோப்பில் பரப்புக்கென்று இரண்டு நிரல்கள் இருப்பது. முதலாவது, கடலைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, 15 வீதத்துக்கு மேல் பனியுள்ள கட்டங்களை முழுதாக எண்ணுவது. இரண்டாவது, ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள பனியை மட்டும் கூட்டுவது. வடதுருவத்தின் நேர்மேலே செய்மதி பார்க்காத ஒரு வட்டம் உண்டு. முதல் நிரல் அது பனியால் மூடியிருப்பதாகவே கொள்கிறது, இரண்டாவது அதை விட்டுவிடுகிறது. 1987இலும் 2008இலும் புதிய கருவிகள் வந்தபோது அந்த வட்டம் சுருங்கியதால், இரண்டாவது நிரலில் பனி திடீரெனக் கூடியதுபோல் தோன்றும். கோடையில் பனிமேல் தேங்கும் உருகுநீரையும் கருவி திறந்த கடலென்று எடுத்துக்கொள்வதால் அந்த நிரல் மேலும் தடுமாறும். வகுப்புக்கு முதல் நிரலே போதும். தென்துருவத்துக்குப் பெப்ரவரிக் கோப்பைத் தனித் தாளில் வரையுங்கள், அங்கே ஒற்றை நேர்கோடு போட்டால் 2016இன் முறிவு மறைந்துவிடும்.