பழைய கேம்களை லேனில் ஆடுவது எப்படி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

லேன் என்றால் ஒரே இடத்தில் உள்ள கணினிகளை இணைக்கும் உள் நெட்வொர்க். ஹோஸ்ட் என்றால் ஆட்டத்தை நடத்தும் கணினி. வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே புலம்பல்தான்: "நான் ஹோஸ்ட் செய்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், நண்பர் பக்கம் பட்டியல் காலியாக இருக்கிறது." அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றவற்றுக்கும் இதில் பாதி விடை கிடைத்துவிடும்.

கேள்வி: 1999இல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2. இரண்டு லேப்டாப், ஒரே வைஃபை. ஒன்றில் கேம் உருவாக்கினால் மற்றதில் தெரியவே இல்லை. இரண்டிலும் இணையம் நன்றாக வேலை செய்கிறது. எங்கே கோளாறு?

இணையம் வேலை செய்வதை இங்கே சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டு லேப்டாப்பும் தனித்தனியாக ரவுட்டரோடு பேசுகின்றன என்பதைத்தான் அது காட்டுகிறது. இரண்டும் ஒன்றோடொன்று பேசுகின்றனவா என்பது வேறு கேள்வி.

லேன் பட்டியல் எப்படி நிரம்புகிறது தெரியுமா? சேர வருபவரின் கணினி "இங்கே யாராவது கேம் நடத்துகிறீர்களா?" என்று நெட்வொர்க்கில் உள்ள எல்லோருக்கும் பொதுவாக ஒரு பாக்கெட், அதாவது சின்னத் தகவல் பொட்டலம், அனுப்பும். பிராட்காஸ்ட் என்பது இதைத்தான். தெருமுனையில் நின்று பொதுவாகக் குரல் கொடுப்பது போல. யாருக்குக் கேட்கிறதோ அவர்தான் பதில் சொல்வார். பட்டியல் காலி என்றால் ஒன்று குரல் போய்ச் சேரவில்லை, அல்லது பதில் திரும்பி வரவில்லை.

முதலில் ஒரு சுருக்கமான சோதனை. சேர வேண்டிய கணினியில் லேன் என்பதற்குப் பதிலாக இன்டர்நெட் டிசிபி/ஐபி இணைப்பைத் தேர்ந்தெடுங்கள். ஒரு சின்னப் பெட்டி வந்து ஹோஸ்டின் முகவரியைக் கேட்கும். அதில் ஹோஸ்டின் உள் முகவரியை, 192.168 என்று தொடங்குமே, அதைக் கொடுங்கள். அப்படிக் கொடுத்ததும் கேம் தெரிந்தால் பிராட்காஸ்ட்தான் வழியில் தொலைகிறது. அப்படியும் தெரியாவிட்டால் ஃபயர்வாலோ (வெளியிலிருந்து வருவதை வடிகட்டும் பாதுகாப்பு) வைஃபையோ தடுக்கிறது.

பிராட்காஸ்ட் தொலைவதற்கு நான் அதிகம் பார்த்த காரணம் மெய்நிகர் அடாப்டர்கள். விர்ச்சுவல்பாக்ஸ், ஏதாவது விபிஎன் என்று போட்டுவைத்திருப்போம். ஒவ்வொன்றும் விண்டோஸில் ஒரு நெட்வொர்க் அட்டையாக வந்து உட்கார்ந்துகொள்ளும். பழைய கேம் அனுப்பும் பொது அழைப்பு, விண்டோஸ் முதலிடம் தரும் அட்டை வழியாக மட்டும் போகும். அந்த இடம் ஒரு விபிஎன்னுக்குக் கிடைத்துவிட்டால் உங்கள் வைஃபை பக்கம் ஒரு பாக்கெட்கூட வராது. ஆடும் நேரத்தில் தேவையில்லாத அடாப்டர்களை டிசேபிள் செய்துவிடுவதுதான் சுலபம். அது முடியாதென்றால் வைஃபை அட்டையின் ஐபிவி4 பண்புகளில் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய், தானியங்கி மெட்ரிக்கை நீக்கிவிட்டுச் சிறிய எண் ஒன்றைக் கொடுங்கள். எண் சிறிதாக இருக்கும் அட்டைக்கே முன்னுரிமை.

முகவரி கொடுத்தும் தெரியவில்லை என்றால் முதலில் வைஃபையைப் பாருங்கள். கெஸ்ட் நெட்வொர்க்கில் இணைந்திருந்தால் பெரும்பாலும் கணினிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாது. அது பாதுகாப்புக்காகவே அப்படி அமைக்கப்பட்டிருக்கிறது. சில ரவுட்டர்களில் ஏபி ஐசோலேஷன் என்ற பெயரில் முதன்மை வைஃபையிலும் இதே தடை இருக்கும்; அதை அணைத்துவிடுங்கள்.

அடுத்தது ஃபயர்வால். இந்த கேம் நெட்வொர்க்கில் பேசப் பயன்படுத்தும் விண்டோஸ் பகுதியான டைரக்ட்பிளேயில் ஒரு விசேஷம் உண்டு. போர்ட் என்பது கணினிக்குள் வரும் எண்ணிட்ட கதவு என்று வைத்துக்கொள்ளுங்கள். சேர வருபவர் 47624 போர்ட்டில் கதவைத் தட்டுவார். ஹோஸ்ட் 2300 முதல் 2400 வரையிலான போர்ட்களில் அவரைத் திரும்பத் தேடி வரும். ஆகவே ஹோஸ்டின் ஃபயர்வாலில் மட்டும் அனுமதி கொடுத்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது, இரண்டு பக்கமும் கொடுக்க வேண்டும். இன்னொன்று, 47624இல் காத்திருப்பது கேம் கோப்பு அல்ல. டிபிளேஎஸ்விஆர் என்ற தனி நிரல் விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கிறது. அதற்கும் அனுமதி வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

விண்டோஸ் 8 முதல் டைரக்ட்பிளே இயல்பாக இயங்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கன்ட்ரோல் பேனலில் விண்டோஸ் அம்சங்களை இயக்கும் பட்டியலைத் திறந்து, லெகஸி காம்பொனன்ட்ஸ் என்பதன் கீழே அதை டிக் செய்ய வேண்டும்.

கேள்வி: ஃபயர்வாலை மொத்தமாக அணைத்துவிட்டால் என்ன?

வேண்டாம். சோதித்துப் பார்க்க இரண்டு நிமிடம் அணைக்கலாம். அணைத்ததும் கேம் தெரிந்தால் காரணம் புரிந்துவிட்டது. உடனே திரும்ப இயக்கி, கேமுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். பல நேரம் அதுகூடத் தேவைப்படாது. உங்கள் வீட்டு நெட்வொர்க்கை விண்டோஸ் 'பப்ளிக்' என்று குறித்து வைத்திருக்கும். 'பிரைவேட்' என்று மாற்றினாலே போதும்.

அப்புறம், பிங் செய்து பார்த்தேன், பதில் இல்லை என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். விண்டோஸ் ஃபயர்வால் பிங்குக்குப் பதில் சொல்லாமல் இருப்பது சாதாரணம். பிங் வந்தால் நல்ல செய்தி. வராவிட்டால் அதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

கேள்வி: பழைய டாஸ் கேம்களை ஓட்டும் டாஸ்பாக்ஸில் டூம் ஓடுகிறது. நெட்வொர்க்கில் ஆட ஐபிஎக்ஸ் வேண்டும் என்கிறது. அதை எங்கே போய் நிறுவுவது?

எங்கும் போக வேண்டாம், டாஸ்பாக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. டூம் வந்த 1993இல் அலுவலக நெட்வொர்க்குகளில் கணினிகள் ஒன்றோடொன்று பேசும் முறையாக நாவெல் நிறுவனத்தின் ஐபிஎக்ஸ்தான் கோலோச்சியது. டாஸ்பாக்ஸ் அந்த ஐபிஎக்ஸ் பாக்கெட்டை இன்றைய நெட்வொர்க்குகள் கடத்தும் யுடிபி வகைப் பாக்கெட்டுக்குள் பொதிந்து அனுப்பும். கேமுக்கு வித்தியாசமே தெரியாது.

டாஸ்பாக்ஸின் அமைப்புக் கோப்பில் ஐபிஎக்ஸ் என்ற பகுதி இருக்கும். இயல்பாக 'ஃபால்ஸ்' என்றிருப்பதை எல்லாக் கணினிகளிலும் 'ட்ரூ' என்று மாற்றுங்கள். பிறகு ஒரு கணினியில் ஐபிஎக்ஸ்நெட் கட்டளையை ஸ்டார்ட்சர்வர் என்ற சொல்லோடு கொடுங்கள். மற்றவற்றில் அதே கட்டளையை கனெக்ட் என்ற சொல்லோடும் முதல் கணினியின் முகவரியோடும் கொடுங்கள். சர்வரை இயக்கியவர் தனியாக இணைய வேண்டியதில்லை, அவர் ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறார். ஐபிஎக்ஸ்நெட் பிங் கொடுத்தால் இணைந்திருக்கும் கணினிகள் எல்லாம் பதில் சொல்லும். இந்த இடத்தில் பதில் வராமல் கேமைத் திறப்பது வீண் வேலை.

பதில் வந்துவிட்டதா? சரி, இனி டூமின் செட்டப் நிரலில் நெட்வொர்க்கைத் தேர்ந்தெடுத்து, ஆட்டக்காரர் எண்ணிக்கையைக் கொடுங்கள். அதிகபட்சம் 4 பேர். எல்லோரிடமும் ஒரே பதிப்பு இருக்க வேண்டும், 1.9 இருந்தால் நல்லது.

லினக்ஸில் சர்வர் எழவில்லை என்றால் காரணம் போர்ட். டாஸ்பாக்ஸ் இயல்பாக எடுப்பது 213. லினக்ஸில் 1024க்குக் கீழே உள்ள போர்ட்களைச் சாதாரணப் பயனர் திறக்க முடியாது. ஸ்டார்ட்சர்வருக்குப் பின்னால் 5213 போல ஓர் எண் கொடுத்து, மற்றவர்களும் முகவரிக்குப் பின் அதே எண்ணைக் கொடுக்கட்டும்.

டூம் மட்டும்தான் ஆடப் போகிறீர்கள் என்றால் டாஸ்பாக்ஸையே விட்டுவிடலாம் என்பது என் கட்சி. டூமின் மூல நிரல் 1997இலேயே வெளியானது. அதிலிருந்து பிறந்த சாக்லேட் டூம் இன்றைய நெட்வொர்க்கில் நேரடியாக ஓடும், போர்ட் 2342. உருவமும் ஆட்டமும் பழைய டூமேதான்.

கேள்வி: விண்டோஸ் 95 காலத்து ரெட் அலர்ட். விண்டோஸ் 11இல் திறந்தால் ஐபிஎக்ஸ் கிடைக்கவில்லை என்கிறது.

விண்டோஸ் விஸ்டாவோடு ஐபிஎக்ஸின் கதை முடிந்துவிட்டது. திரும்பக் கொண்டுவர முயல வேண்டாம். ஐபிஎக்ஸ்ராப்பர் என்ற இலவச மென்பொருளின் டிஎல்எல் கோப்புகளை கேம் கோப்புறைக்குள் போட்டால், டாஸ்பாக்ஸ் செய்வது போலவே அதுவும் பொதிந்து அனுப்பும். ஆடும் எல்லோரும் போட்டிருக்க வேண்டும். ரெட் அலர்ட்டுக்கு என்றே சிஎன்சிநெட் என்ற தளம் இருக்கிறது. இணையம் வழியாக ஆட அதைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: கவுண்டர்ஸ்ட்ரைக் 1.6 சர்வர் நடத்துகிறேன். ரவுட்டரில் 27015 போர்ட்டைத் திறந்தாயிற்று. வேறு ஊரில் இருக்கும் நண்பரால் வர முடியவில்லை. நானே என் வெளி முகவரியை அடித்துப் பார்த்தேன், எனக்கும் வரவில்லை.

நீங்கள் செய்த சோதனை செல்லாது. வீட்டுக்குள்ளிருந்து சொந்த வெளி முகவரிக்குப் போய்த் திரும்பி வருவதைப் பல ரவுட்டர்கள் அனுமதிப்பதில்லை. வெளியிலிருந்துதான் சோதிக்க வேண்டும்.

27015 சரி, ஆனால் யுடிபி என்று கொடுத்தீர்களா? டிசிபி என்ற மற்ற வகையை மட்டும் திறந்து வைத்தால் ஆட்டம் நுழையாது. விதி எந்தக் கணினிக்குப் போகிறது என்பதையும் பாருங்கள். உள் முகவரியை ரவுட்டர் அவ்வப்போது மாற்றித் தரும். நேற்று 192.168.1.5ஆக இருந்த கணினி இன்று 7ஆக இருந்தால், விதி வெற்றிடத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். ரவுட்டரிலேயே அந்தக் கணினிக்கு முகவரியை ஒதுக்கி வையுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் நடக்கவில்லை என்றால், ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வெளிப்புற முகவரி என்ன என்று பாருங்கள். பிறகு இணையத்தில் 'என் ஐபி' காட்டும் ஏதாவது தளத்தில் பாருங்கள். இரண்டும் வேறு என்றாலோ, ரவுட்டரில் 100.64 முதல் 100.127 வரையிலான முகவரி தெரிந்தாலோ, உங்கள் இணையச் சேவையாளர் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பகிர்ந்து தருகிறார் என்று பொருள். சிஜிநாட் என்பார்கள். அந்த நிலையில் உங்கள் ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் பயனில்லை, ஏனென்றால் அடைத்திருக்கும் கதவு உங்கள் வீட்டில் இல்லை.

வெளிப்படையாகச் சொன்னால், சிஜிநாட் இல்லாவிட்டாலும் நான் போர்ட் திறக்கச் சொல்ல மாட்டேன். இருபது ஆண்டுக்கும் மேற்பட்ட சர்வர் நிரலை உலகம் முழுவதற்கும் காட்டிக்கொண்டு நிற்பது நல்லதல்ல. குவேக் 3 சர்வர்களிடம் நிலை விவரம் கேட்கும் சின்னக் கோரிக்கையை வைத்தே, வேறு யாரோ ஒருவர் மேல் பெரும் போக்குவரத்தைத் திருப்பிவிடும் தாக்குதல்கள் நடந்திருக்கின்றன. நான்கு நண்பர்கள் ஆடுவதற்கு மெய்நிகர் லேன் போதும்; வெவ்வேறு ஊர்க் கணினிகளை ஒரே லேனில் இருப்பது போல இணையம் வழியாக இணைக்கும் மென்பொருள் அது.

கேள்வி: அப்படியானால் எந்த மெய்நிகர் லேன்? நான் டெயில்ஸ்கேல் போட்டேன், பிங் வருகிறது, கேம் பட்டியலில் மட்டும் வரவில்லை.

முதல் பதிலில் சொன்ன பிராட்காஸ்ட் கதைதான் இங்கேயும். டெயில்ஸ்கேல் அருமையான மென்பொருள், ஆனால் அது ஐபி அளவில்தான் இணைக்கிறது, பொது அழைப்பைக் கடத்தாது. ஸீரோடயர் ஈதர்நெட் அளவிலேயே இணைப்பதால் ஒரே சுவிட்சில் எல்லோரும் செருகியிருப்பது போன்ற நிலை கிடைக்கும். ஹமாச்சி, ராட்மின் விபிஎன் இரண்டும் பழைய கேம்களுக்குப் பழக்கப்பட்டவைதான்.

முகவரியை நேரடியாகக் கொடுக்க முடிகிற கேம் என்றால் டெயில்ஸ்கேலையே வைத்துக்கொள்ளுங்கள். கவுண்டர்ஸ்ட்ரைக், குவேக் எல்லாம் கன்சோலில் கனெக்ட் என்று அடித்து முகவரி கொடுத்தால் போய்விடும். பட்டியலை மட்டுமே நம்பியிருக்கும் கேம் என்றால் ஸீரோடயருக்கு மாறுங்கள்.

கவுண்டர்ஸ்ட்ரைக்கில் இப்படி இணையும்போது, உள்ளூர் கணினிகளுக்கு மட்டுமே அனுமதி, 'கிளாஸ் சி' என்றெல்லாம் ஒரு செய்தி வந்து வெளியே தள்ளினால் பயப்பட வேண்டாம். சர்வர் லேன் நிலையில் இருக்கிறது. எஸ்வி லேன் அமைப்பை 0 ஆக்குங்கள்.

கேள்வி: நான்கு பேர் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் ஆடுகிறோம். மூன்று நல்ல கணினி, ஒன்று மிகப் பழையது. ஒருவரிடம்தான் கோளாறு, ஆனால் எல்லோருக்குமே இழுக்கிறது. சில நாள் 'அவுட் ஆஃப் சிங்க்' என்று கேமே நின்றுவிடுகிறது. இணைய வேகத்தைக் கூட்டலாமா?

வேகத்தைக் கூட்டிப் பணத்தை வீணாக்காதீர்கள். இந்த கேம் 28.8 கிலோபிட் மோடத்துக்காகத் திட்டமிடப்பட்டது. ஆயிரக்கணக்கான வில்லாளிகளின் இருப்பிடத்தை அந்த மோடத்தில் அனுப்பவே முடியாது. எனவே யாருடைய இருப்பிடமும் அனுப்பப்படுவதில்லை. "இந்தப் படையை அங்கே போகச் சொன்னேன்" என்ற கட்டளை மட்டும் போகும். ஒவ்வொரு கணினியும் முழுப் போரையும் தனக்குள்ளேயே நடத்திக்கொள்ளும். சாதாரணமாக ஒரு சுற்று 200 மில்லிசெகண்ட். நீங்கள் கொடுத்த கட்டளை இரண்டு சுற்று தள்ளி எல்லாக் கணினியிலும் ஒரே நேரத்தில் நிறைவேறும்.

உங்கள் இரண்டு தொல்லைகளும் இதிலிருந்து வருபவைதான். யாரும் யாரையும் முந்திப் போக முடியாது என்பதால் மெதுவான கணினி எதுவோ அதன் வேகமே எல்லோர் வேகமும். மக்கள்தொகை வரம்பை 200இலிருந்து 75க்குக் குறைத்துப் பாருங்கள், வரைபடத்தையும் சின்னதாக்குங்கள். அந்தப் பழைய கணினி வைஃபையில் இருந்தால் கேபிளில் போடுங்கள்.

அவுட் ஆஃப் சிங்க் வருவது, ஏதோ ஒரு கணினியில் கணக்கு வேறு விடை தந்துவிட்டது என்பதால். பேட்ச் (திருத்தப் பதிப்பு) எண் ஒன்றுதானா, யாராவது மாட் (கேமை மாற்றும் கூடுதல் தொகுப்பு) போட்டிருக்கிறார்களா, கேமின் தரவுக் கோப்பை யாராவது தொட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். நான் செய்வது: ஒருவருடைய கேம் கோப்புறையை அப்படியே மற்றவர்களுக்கும் நகலெடுத்துக் கொடுத்துவிடுவேன். யாரிடம் எது வேறு என்று தேடி உட்கார்வதைவிட அது சீக்கிரம் முடியும்.

கேள்வி: ரவுட்டர் இல்லை. இரண்டு கணினியையும் ஒரு கேபிளால் இணைத்தால் போதுமா? கிராஸ்ஓவர் கேபிள் வேண்டுமா?

போதும். ஜிகாபிட் போர்ட் இருந்தால் சாதாரண கேபிளே சரி, அட்டை தானே மாற்றிக்கொள்ளும். ஒன்றுக்கு 192.168.50.1, மற்றதற்கு 192.168.50.2, சப்நெட் மாஸ்க் இரண்டிலும் 255.255.255.0, கேட்வே காலி. எதுவும் கொடுக்காவிட்டாலும் சற்று நேரத்தில் 169.254 என்று தொடங்கும் முகவரியை இரண்டும் எடுத்துக்கொள்ளும், அதிலும் ஆடலாம். ஆனால் விண்டோஸ் இந்த இணைப்பை அடையாளம் தெரியாத பப்ளிக் நெட்வொர்க்காகக் கருதும். ஃபயர்வாலில் கேமை அனுமதிக்கும்போது 'பப்ளிக்' கட்டத்தையும் டிக் செய்யுங்கள். வைஃபையை அணைத்துவிடவும் மறக்க வேண்டாம்.

கேள்வி: கேமில் உள்ள இன்டர்நெட் பொத்தானை அழுத்தினால் சர்வர் கிடைக்கவில்லை என்று வருகிறது.

பல பழைய கேம்கள் நம்பியிருந்த கேம்ஸ்பை என்ற இணையச் சேவை 2014 மே 31 அன்று மூடப்பட்டது. அந்தப் பொத்தான் இனி உயிர்பெறாது. லேன் பொத்தானும் முகவரி கொடுத்துச் சேரும் வசதியும் அதை நம்பி இல்லை, அவற்றைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: அசல் சிடி கையில் இருக்கிறது. விண்டோஸ் 10இல் கேம் திறக்கவே இல்லை, நெட்வொர்க் வரை போகவே முடியவில்லை!

சிடியில் நகலெடுப்பதைத் தடுக்கும் சேஃப்டிஸ்க் பூட்டு இருக்கலாம். அதற்கான டிரைவரைப் பாதுகாப்புக் குறைபாடு காரணமாக விண்டோஸ் 10 ஏற்பதில்லை. 2015 செப்டம்பர் அப்டேட்டுக்குப் பிறகு விஸ்டா, 7, 8 ஆகியவற்றிலும் அது முடக்கப்பட்டது. பூட்டை உடைத்த கோப்புகளைக் கண்ட இடத்தில் தரவிறக்க வேண்டாம், அவற்றோடு என்னென்ன ஒட்டிக்கொண்டு வரும் என்று சொல்ல முடியாது. ஜிஓஜி போன்ற கடைகளில் பூட்டில்லாத பதிப்பு கிடைத்தால் வாங்கிவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: கடையில் வாங்கியதும் நண்பர் வைத்திருக்கும் சிடியும் ஒரே பேட்ச் எண்ணில் இருக்காமல் போகலாம். வாங்கும் முன் அவரிடம் எந்தப் பதிப்பு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.