முனைவர் பட்டத்துக்குப் பிறகும் பயிற்சியா என்று கேட்கும் பெற்றோருக்கு

நியூஜெர்சியில் நீண்ட காலமாக வாழும் ஒரு தம்பதியர் சென்ற வாரம் என்னிடம் பேசினார்கள். அவர்களுடைய மகள் மருத்துவ உளவியலில் பிஎச்.டி. முடிக்கும் தறுவாயில் இருக்கிறாள். அடுத்து ஒரு குழந்தைகள் மருத்துவமனையில், நோயுற்ற குழந்தைகளுக்கான உளவியலில் (பீடியாட்ரிக் சைக்காலஜி), ஃபெலோஷிப் எனப்படும் இரண்டு ஆண்டு மேற்பயிற்சிக்கு விண்ணப்பிக்க விரும்புகிறாள். "இருபத்தொன்பது வயதாகிறது, இன்னும் பயிற்சி என்கிறாளே" என்று தாயார் கலங்கினார். இதய மருத்துவரான பெரியப்பாவோ, "இப்போதாவது மெடிக்கல் சேர்ந்து சைக்கியாட்ரிஸ்ட் ஆகட்டும், மருந்து எழுத முடியாதவளை யார் டாக்டராக மதிப்பார்கள்?" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாராம்.

ஆறுதல் சொல்லத் தொடங்கிய நான், இதைக் கேட்டதும் கணக்குப் போடச் சொன்னேன். மருத்துவக் கல்லூரிக்கு நான்கு ஆண்டுகள், அதன்பின் குழந்தைகள் மனநல மருத்துவராவதற்கு ஐந்து அல்லது ஆறு ஆண்டுகள் என்றால், அவள் நாற்பதை நெருங்கும்போதுதான் முதல் முழுச் சம்பளம் வரும். கடன் வாங்கி மருத்துவம் படிப்பவர்களில் பலர் 2 லட்சம் டாலர் சுமையோடு வெளியே வருகிறார்கள். கல்விக் கட்டணமின்றி, உதவித்தொகையும் பெற்றுப் படித்துக் கடனில்லாமல் நிற்கும் ஒரு பெண்ணை, உறவினர் முன் பெருமைப்படுவதற்காக அந்தக் கடனில் தள்ளுவதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். வீட்டை அடமானம் வைத்தாவது படிக்க வைக்கிறோம் என்று தந்தை சொன்னபோது, அந்த எண்ணத்தை இன்றே கைவிடுங்கள் என்றேன்.

மதிப்பைப் பற்றியும் சொல்கிறேன். லோகன் ரைட் என்பவர் 1967-இல் ஒரு கட்டுரையில் நோயுற்ற குழந்தைகளுக்கான உளவியலாளரின் பணி என்னவென்று வரையறுத்தார். இன்று இந்தத் துறை அமெரிக்க உளவியல் சங்கத்தின் 54-ஆவது பிரிவாக வளர்ந்திருக்கிறது. புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தைக்கும் குடும்பத்துக்கும் மனநல ஆதரவு எப்படி அமைய வேண்டும் என்று 2015-இல் 15 நெறிமுறைகள் வெளியாயின. இன்று பெரிய குழந்தைகள் மருத்துவமனைகளில் உளவியலாளர் சிகிச்சைக் குழுவிலேயே ஒருவர்.

அங்கே அவள் என்ன கற்பாள் என்பதை யாரும் இந்தப் பெற்றோருக்கு விளக்கியிருக்கவில்லை. மாத்திரையைக் கண்டாலே குமட்டும் ஏழு வயதுக் குழந்தைக்கு, கடுகளவு மிட்டாயில் தொடங்கி, அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டி, நிஜ மாத்திரையை விழுங்கப் பழக்குவார்கள். டைப் 1 நீரிழிவுள்ள பதினான்கு வயதுப் பையன் பள்ளியில் இன்சுலின் போட்டுக்கொள்ளாமல் போட்டதாகச் சொல்கிறான் என்றால், அவன் பொய் சொல்கிறான் என்று கோபிப்பதோடு மருத்துவரும் பெற்றோரும் நின்றுவிடக்கூடும். நண்பர்கள் முன் ஊசியை எடுக்கக் கூச்சப்படுகிறானா, எந்நேரமும் சர்க்கரை எண்ணைக் கேட்கும் அம்மாவிடமிருந்து விலகப் பார்க்கிறானா என்று பிரித்தறிந்து, குடும்பத்தை உட்கார வைத்துப் பொறுப்பைப் பங்கிட்டுக் கொடுப்பவர் உளவியலாளர். எல்லாப் பரிசோதனையும் சரியாக இருந்தும் வயிற்றுவலியால் மாதக்கணக்கில் பள்ளிக்குப் போகாத சிறுமியிடம், வலி கற்பனையல்ல என்று முதலில் ஒப்புக்கொண்டு, அந்த வலியோடே ஒரு பாடவேளை, பிறகு அரைநாள் என்று அவளை வகுப்பறைக்குத் திருப்பி அனுப்பும் திட்டத்தை வகுப்பதும் இவர்தான். இவற்றைப் புத்தகத்தில் படித்துவிடலாம்; ஆனால் வார்டிலிருந்து அழைப்பு வந்த அன்றே படுக்கையருகே போய்ப் பேசிவிட்டு, மூத்தவரின் மேற்பார்வையில் அந்தப் பேச்சைத் திரும்பத் திரும்ப அலசினால்தான் கைவசமாகும். ஃபெலோஷிப் என்பது இதுதான், இதைக் காத்திருப்பு என்று சொல்லாதீர்கள்.

ஃபெலோஷிப்பில் உதவித்தொகை குறைவு என்பது உண்மை. பல இடங்கள் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் (NIH) உதவித்தொகை அளவைப் பின்பற்றுகின்றன. 2024 நிதியாண்டில் அது முதல் ஆண்டுக்கு 61,008 டாலர். பாஸ்டன் போன்ற ஊரில் வாடகை போக மிஞ்சுவது சொற்பம். ஆகவே பெயருக்காக மட்டும் ஓரிடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். எந்த மாநிலத்தில் வாழ விரும்புகிறாளோ அங்கே உளவியலாளராகத் தொழில் செய்வதற்கான உரிம விதியை முதலில் படிக்கட்டும். கலிபோர்னியா கேட்கும் 3,000 மணிநேர மேற்பார்வை அனுபவத்தில் 1,500 மணி பட்டத்துக்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். வேறு மாநிலங்களில் கணக்கு வேறு. வாரத்துக்கு எத்தனை மணிநேரம் தனி மேற்பார்வை, உரிமத் தேர்வுக்குப் படிக்க நேரம் உண்டா, முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று நேர்காணலில் அவளே கேட்கட்டும். இரண்டு மணிநேரத் தனி மேற்பார்வைகூட இல்லாத இடத்தை விட்டுவிடலாம்.

கடைசியாக மகளிடம் தனியே பேசினேன். தனியாக கிளினிக் வைத்தால் கூடுதலாகச் சம்பாதிக்கலாமே என்று வேண்டுமென்றே கேட்டேன். இன்டர்ன்ஷிப்பில் நீரிழிவுப் பிரிவில் இருந்த நான்கு மாதங்களைப் பற்றி அவள் அரைமணி நேரம் பேசினாள். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. விண்ணப்பங்கள் பெரும்பாலும் நவம்பர் முதல் ஜனவரிக்குள் போய்விடும். அதுவரை திருமணப் பேச்சை இதோடு முடிச்சுப் போடாமல் இருங்கள். பெரியப்பா மறுபடி அழைத்தால், போனை அவளிடம் கொடுக்காமல் நீங்களே பதில் சொல்லுங்கள்.